என் கேக்கை நானே ஒளித்துத் தின்கிறேன்

வாசகியின் கடிதம்

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 66. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். அங்கேயே பால் மரம் வெட்டினேன், அங்கேயே கல்யாணமும் ஆனது. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்து, லயத்தையும் இடித்தபோது டவுன் ஓரத்தில் ஒரு தாமானில் வீடு வாங்கி வந்துவிட்டோம். வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர், இப்போது வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர். பெரியவன் கிள்ளானில், மகள் ஜோகூர் பாருவில், சின்னவன் பினாங்கில். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள். மற்ற நாளில் நாங்கள் இரண்டு பேரும் டிவியும்தான்.

பிரச்சினை ஒரு கேக். சிரிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் கேக் என்றால் கூலா ஹங்குஸ், சீனியைக் கருக்கிச் செய்கிற கேக். கடைக் கிரீம் கேக்கெல்லாம் பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி குத்தத்தான். தாமானுக்கு வந்த புதிதில் எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் நோன்புப் பெருநாளன்று கொடுத்தனுப்பிய தட்டில் இரண்டு துண்டு இருந்தது. கருகரு என்று, அறுத்த இடமெல்லாம் ஓட்டையும் குழலுமாக. பெரியவன் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைத் தங்கைக்கும் தம்பிக்கும் காட்டாமல் ஒளித்துவிட்டான். அடுத்த நாளே ஒரு டின் முறுக்கை எடுத்துக்கொண்டு போய் மக்சிக்கிடம் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து தீபாவளிப் பலகாரத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது.

சொன்னால் சுலபம், செய்தால் தெரியும். வாணலியில் சீனியைப் போட்டுக் கருக்க வேண்டும். முன்னாலேயே இறக்கினால் கேக் வெளிறிப்போகும், கொஞ்சம் தாமதித்தால் கசக்கும். புகை கிளம்பப் போகிற நேரம் பார்த்து வெந்நீர் ஊற்றினால் அது சீறிக்கொண்டு கையில் தெறிக்கும். என் வலது கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அப்புறம் மார்ஜரின், ஆறிய பிறகு டின் பால், முட்டை, மாவு, சோடா மாவு. கலந்து சில மணி நேரம் மூடி வைத்தால் நுரைத்து நிற்கும். ஓவனில் கீழ்ச் சூடு மட்டும்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் அந்த ஓட்டைகள் அடியிலிருந்து மேலே நேராக எழும்பும். மகள் யூடியூப் பார்த்துச் செய்தாள், வரவில்லை. மருமகள்களுக்குப் பொறுமை இல்லை. இந்த ஒரு கேக்குக்காக என் பேரப்பிள்ளைகள் நெடுஞ்சாலையிலிருந்தே போன் போட்டு "பாட்டி, செஞ்சாச்சா?" என்று கேட்பார்கள்.

எனக்கு இனிப்புநீர், அதான் நீரிழிவு, இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் கண்டுபிடித்துச் சில வருடம் ஆகிறது. இரண்டு விதமான மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தவறாமல் போடுகிறேன். வீட்டுக்காரரின் அண்ணனுக்கும் இதே நோய்தான். அவருக்கு ஒரு காலை எடுத்து, அப்புறம் டயாலிசிஸ் செய்து, போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியவன்தான் அப்போது அவரை ஈப்போவுக்குக் காரில் ஏற்றி இறக்கினான். அது வேறு கதை.

இந்தத் தீபாவளிக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் ஓய்ந்து, சாயங்காலம் வீட்டு மனிதர்கள் மட்டும் உட்கார்ந்தபோது மகள் கேக்கை அறுத்தாள். எல்லாருக்கும் தட்டு போனது. எனக்கு வரவில்லை. பெரிய மருமகள் கோலாலம்பூரில் எங்கோ சொல்லிவைத்து வாங்கி வந்த சீனி போடாத கேக்கில் ஒரு துண்டைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன், விலையும் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் வாயில் வைத்தால் ஈர மணல் மாதிரி இருந்தது.

நான் கையை நீட்டி என் கேக்கில் ஒரு துண்டு எடுக்கப் போனேன். பெரியவன் தட்டை நகர்த்தினான். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான். "ம்மா, வேணாம். உங்களுக்குத்தான் அது இருக்கே." சின்னவன், "இன்னைக்கு ரீடிங் எவ்வளவு?" என்றான். ஏழு வயதுப் பேத்தி விரலை ஆட்டி "பாட்டி, நோ சுகர்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தே கலக்குகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் வந்து தன் பங்கை டிஷ்யூவில் சுற்றி என் கையில் திணித்தார். சிங்க் ஓரம் நின்று தின்றேன். பேத்தி பார்த்துவிட்டாள். ஹாலுக்கு ஓடி, "தாத்தா பாட்டிக்குத் திருட்டுக் கேக் குடுத்தாரு" என்று அறிவித்துவிட்டாள். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல லெக்சர். லெக்சர் கொடுத்த பெரியவன் காலையில் ஒன்று, வேலையிடத்தில் இரண்டு என்று தே தாரேக் குடிக்கிறவன். அதில் ஊற்றுவதும் டின் பால்தானே?

இத்தனைக்கும் அன்றைக்கு நான் மத்தியானச் சோற்றைத் தொடவேயில்லை. சாயங்காலம் ஒரு துண்டு கேக் தின்னலாம் என்று வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன். காலையில் ஒரு தோசை, மாத்திரை, அவ்வளவுதான். மூன்று மணி போல் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. அடுப்படி வேக்காடு, நாலு நாள் அலுப்பு என்று உட்கார்ந்து எழுந்தேன். அவ்வளவு பட்டினி கிடந்தும் என் கேக் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்றிரவு எல்லாரும் தூங்கியதும் டின்னைத் திறந்து நாலு துண்டு தின்றேன். திருட்டு என்றால் திருட்டாகவே இருக்கட்டும், என் டின், நான் செய்தது. ருசி தெரிந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. காலையில் குத்திப் பார்த்தேன், 14-க்கு மேல் காட்டியது. மிஷினை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். அதன் பிறகு எடுக்கவில்லை. சீனியைத்தான் கருக்கிவிடுகிறோமே, அதில் அப்படி எவ்வளவு இனிப்பு இருந்துவிடப் போகிறது என்றும் தோன்றுகிறது.

அடுத்த விடுமுறைக்கு வருகிறார்கள். "இந்தத் தடவை கேக்கே வேணாம்மா" என்று மகள் போனில் சொல்கிறாள். செய்யாவிட்டால் பேரப்பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாது. செய்தால் நான் மறுபடியும் அடுப்படிக்குள் போய் நிற்க வேண்டும். என் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு துண்டு கேக் தின்ன நான் யாரிடம் அனுமதி கேட்பது? இந்த வயதில் இதற்கெல்லாம் அழுகை வருகிறதே, எனக்கு மனதில் ஏதாவது கோளாறா?

இப்படிக்கு,
ஓர் அம்மா,
சுங்கை சிப்புட்

ஆலோசகரின் பதில்

வணக்கம் அம்மா.

கேக்கைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த மூன்று மணி நடுக்கம்.

அது வெறும் வேக்காடு என்று எனக்குத் தோன்றவில்லை. சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் ரத்தத்தில் இனிப்பு அளவு சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். நம் கிளினிக்குகளில் பலருக்கும் மெட்ஃபோர்மினோடு கிளிக்லசைட் என்ற மாத்திரையையும் கொடுப்பார்கள். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் இந்த ஆபத்து குறைவு. கிளிக்லசைட் அப்படியில்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காது. ஆகவே கேக்குக்காகப் பட்டினி கிடப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயமாக இருந்தது அதுதான். அந்த நாலு துண்டுகூட எனக்கு இரண்டாம் பட்சம்.

மறுபடி அப்படி நடுங்கினால் உடனே குத்திப் பாருங்கள். 3.9 mmol/L-க்குக் கீழே இருந்தால், அல்லது மிஷின் கைக்கு எட்டாமல் நடுக்கம் மட்டும் இருந்தாலும், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை குடியுங்கள். சரியானதும் சோறோ ரொட்டியோ கொஞ்சம் சாப்பிட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் கேக் உதவாது. அதிலுள்ள கொழுப்பு, இனிப்பு ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அடுத்த முறை கிளினிக் போகும்போது தீபாவளியன்று நடந்ததை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். மாத்திரையின் அளவை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் பார்த்துக்கொள்வார். மிஷினையும் துணிக்கு அடியிலிருந்து வெளியே எடுங்கள்.

சரி, இனி கேக்.

உங்களுக்கு மனக்கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை. கருக்கிய சீனி கையைச் சுடச்சுட நீங்களே செய்த ஒன்று, எல்லார் தட்டுக்கும் போய் உங்கள் தட்டுக்கு மட்டும் வரவில்லை. அதுவும் பேரப்பிள்ளைகள் முன்னால், சிரிப்போடு சிரிப்பாக. அழுகை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல் இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். நீண்ட நாள் இனிப்புநீரோடு இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது அபூர்வமில்லை, அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

உங்கள் பெரியவன் தட்டை நகர்த்தியது எனக்குப் பிடிக்கவில்லை. சுயபுத்தியோடு இருக்கும் 66 வயதுப் பெண்ணின் கைக்கு எட்டாமல் சாப்பாட்டை நகர்த்துகிற உரிமை யாருக்கும் இல்லை, அன்பினால் என்றாலும். இனிப்புநீர் உள்ளவர்களின் மனநிலையை ஆராய்கிறவர்கள் இப்படி நடந்துகொள்ளும் குடும்பத்தாருக்கு 'நீரிழிவுப் போலீஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உலகமெங்கும் இருக்கிறார்கள் இந்தப் போலீஸ்காரர்கள். இவர்கள் கண்காணிக்கக் கண்காணிக்க நோயாளி ஒளிக்கத் தொடங்குவார். ரீடிங்கைச் சொல்ல மாட்டார், மிஷினை ஒளிப்பார், ராத்திரியில் தின்பார். உங்கள் வீட்டில் இவை எல்லாமே நடந்துவிட்டன.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்காரரின் அண்ணனைப் பற்றி இரண்டு மூன்று வரி எழுதிவிட்டு, 'அது வேறு கதை' என்று நகர்ந்துவிட்டீர்கள். எனக்கென்னவோ இந்தக் கேக் கதையே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது. டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நாலு மணி நேரம். கால் எடுத்த பெரியப்பாவைக் காரில் ஏற்றுவதும் இறக்குவதும், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பதும் உங்கள் மகன்தான். அங்கே அவன் பார்த்த முகங்களில் பாதி நம்மவர்களாக இருந்திருக்கும். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூல காரணம் இந்த நோய்தான். நீங்கள் கேக்கை நோக்கிக் கை நீட்டியபோது உங்கள் மகன் கண்ணில் தெரிந்தது பெரியப்பாவின் காலாக இருக்கலாம். இதை அவன் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டான். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் 'எனக்குப் பயமா இருக்கும்மா' என்று சொல்லிப் பழகியவர்கள் இல்லை. தட்டை நகர்த்தத்தான் தெரியும்.

அதனால் விடுமுறைக்கு முன்பே அவனிடம் பேசிவிடுங்கள். எல்லாரும் கூடிய பிறகு மேசையில் வைத்துப் பேச வேண்டாம். பண்டிகைக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் அது கேலியாகவோ சண்டையாகவோ முடியும். ஒரு நாள் இரவு போன் போடுங்கள். குறை சொல்லி ஆரம்பிக்காமல், "ஏம்ப்பா, பெரியப்பாவுக்கு ஆனது மாதிரி எனக்கும் ஆயிடுமோன்னு பயப்படுறியா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் 'அதெல்லாம் இல்லம்மா' என்று சொன்னாலும் உடனே அடுத்த பேச்சுக்குத் தாவாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து ஏதாவது வரும்.

வந்த பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். கவனியுங்கள், அனுமதி கேட்கச் சொல்லவில்லை. "இந்தத் தடவை கேக் செய்யுறேன். எனக்கு ஒரு துண்டு. உங்க எல்லாரோடயும் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை குத்திப் பார்ப்பேன். நம்பரை நானே வந்து சொல்லுவேன். நீங்க யாரும் கேட்கக் கூடாது." இப்படி ஒரு பேச்சு போதும். 'ரீடிங் எவ்வளவு?' என்று மற்றவர் கேட்டால் அது பள்ளிக்கூடத்தில் மார்க் கேட்பதாகிவிடுகிறது, குறைந்தால் பாராட்டு, கூடினால் திட்டு. நீங்களே சொன்னால் அது உங்கள் கணக்கு. கூடியிருந்தால் 'அடுத்த தடவை துண்டைச் சின்னதாக்கணும்' என்று நீங்களே சொல்லிக்கொள்ளலாம். உங்கள் உடம்பை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவன் கை தட்டை விட்டு விலகும். வெறுமனே 'என்னை விடு' என்றால் விட மாட்டான், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

தே தாரேக் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள், ஆனால் கேக் கிடைக்காது.

அந்த ராத்திரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு துண்டு தின்றும் ருசி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1975-இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வாழ்கிறவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை முன்னால் வைத்துப் பார்த்தார்கள். வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்க, அவர்கள் குறைவாகத்தானே தின்ன வேண்டும்? கூடுதலாகத் தின்றார்கள். பத்தியம் உடைந்துவிட்டது, இனி என்ன என்கிற மனம். சிங்க் ஓரம் தின்ற துண்டுக்குத் திட்டு வாங்கிய பிறகு, உங்களுக்கும் அந்தக் கணக்குத்தான் ஓடியிருக்கும்.

இன்னொன்று. 2014-இல் யேல் பல்கலைக்கழகத்தார் சாக்லேட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சாக்லேட்டைப் பக்கத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் தின்னும்போது, அவர் வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது தின்றதைவிட ருசி கூடுதலாக இருந்ததாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. கூட ஒருவர் தின்கிறார் என்பதே போதுமாக இருந்தது. உங்கள் கேக்குக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். இருட்டில் டின்னுக்கு முன் நின்று தின்ற நாலு துண்டைவிட, 'இந்தத் தடவை ஓட்டை நல்லா வந்திருக்கு பாட்டி' என்று பேரன் சொல்ல, மேசையில் உட்கார்ந்து மெல்லத் தின்னும் ஒரு சின்னத் துண்டில் உங்களுக்குக் கிடைக்கப் போவது அதிகம். எந்த இனிப்பும் முதல் சில வாய்க்குத்தான் முழு ருசியைத் தரும், அப்புறம் நாக்குக்குப் பழகிவிடும். அதனால் சின்னத் துண்டு என்பதில் நீங்கள் இழப்பது குறைவு.

எவ்வளவு சின்னது? அதை உங்கள் கிளினிக்கில் உணவு ஆலோசகரிடம் கேளுங்கள், நான் அதற்குப் படித்தவள் இல்லை. கிளினிக்கில் ஆலோசகர் எந்த நாளில் வருவார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, கேக்கில் என்னென்ன எவ்வளவு போடுகிறீர்கள் என்று எழுதிக் கொண்டு போங்கள். பொதுவாக அவர்கள் சொல்வது இதுதான்: அந்த வேளைச் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் இனிப்பை வையுங்கள், அதற்காக வேளையையே விடாதீர்கள். சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' படத்தைக் கிளினிக் சுவரில் பார்த்திருப்பீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். கேக் தின்னப் போகிற அன்று அந்தக் கால் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். காய்கறியையும் கோழியையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்குப் போனால் இனிப்பு அளவு அவ்வளவு வேகமாக ஏறாது. கேக்கைச் சாப்பாட்டோடு சேர்த்து, கடைசியில் வைத்துக்கொள்ளலாம். தின்றதும் பேரப்பிள்ளைகளோடு தாமானை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், அதுவும் நன்றாக வேலை செய்யும்.

கருக்கிய சீனியில் இனிப்பு இருக்காது என்ற உங்கள் கணக்கு மட்டும் தேறாது அம்மா. கருக்கும்போது கொஞ்சம் உருமாறிக் கசப்பாகிறது, உண்மை. மிச்சமெல்லாம் சீனிதான். அதோடு டின் பாலில் பாதிக்கு மேல் இனிப்பு. மாவும் உடம்புக்குள் போனால் அதுவாகத்தான் ஆகும். இதே காரணத்தால் மருமகளின் சீனியில்லாக் கேக்கும் கணக்கில் வராத கேக் இல்லை. அதிலும் மாவு இருக்கிறது. அடுத்த தடவை அவள் அப்படி ஒன்று வாங்கி வந்தால் இரண்டு கேக்கையும் நடு மேசையில் வைத்து எல்லாருக்கும் அறுத்துப் போடச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் தனிக் கிண்ணம் வேண்டாம். அவள் செலவழித்து, நினைவு வைத்து வாங்கி வந்தவள். அதை அவளிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், மனம் நோகாமல் போகும்.

மகளிடமும் ஒரு வார்த்தை. கேக்கே வேண்டாம் என்று அவள் சொல்வது சண்டையைத் தவிர்க்க. ஆனால் உங்கள் கைப்பக்குவத்தை நிறுத்தினால் நோய் குறைந்துவிடாது, உங்களுக்குப் பிடித்த வேலை ஒன்று குறையும். அவளுக்குத்தான் யூடியூபில் வரவில்லையே, ஒரு நாள் முன்னதாக வரச் சொல்லி வாணலி பக்கத்தில் நிறுத்துங்கள். பேத்தி அவளுடைய மகளா என்று எழுதவில்லை. யாருடைய மகளாக இருந்தாலும் அந்தக் குழந்தையைக் காவலுக்கு வைக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். பாட்டி என்ன தின்கிறாள் என்று பார்ப்பது ஏழு வயதுப் பிள்ளையின் வேலை இல்லை. அவள் மேல் கோபப்படாதீர்கள், பெரியவர்கள் செய்ததைத்தான் அவள் செய்கிறாள்.

இதெல்லாம் பேசியும் மகன் பிடிவாதமாக இருந்தால், அடுத்த கிளினிக் நாளுக்கு அவனையும் கூட்டிப் போங்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். கிளினிக் போவதற்கு முன் இரண்டு நாள் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது, ஒரு சாயங்காலத்து ஒரு துண்டு கேக்கினால் அது கெட்டும் போகாது. அதை டாக்டர் வாயால் அவன் கேட்கட்டும். ராத்திரி நாலு துண்டு அடிக்கடி நடந்தால் மட்டும் அதில் தெரிந்துவிடும், அதையும் நீங்கள் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். டிஷ்யூவில் சுற்றிக் கடத்தி வந்ததில் பாசம் இருக்கிறது, ஆனால் இனி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தன் பங்கை அவரே மேசையில் உட்கார்ந்து தின்னட்டும். அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்ததுண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கூடப் பிறந்த அண்ணனுக்கு இருந்த நோய், வருடக்கணக்கில் லோரியில் உட்கார்ந்த உடம்பு. அடுத்த தடவை உங்களோடு அவரையும் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகாமல், காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள். உங்கள் மாத்திரையை மட்டும் அன்று காலையில் எப்போது போடுவது என்று கிளினிக்கில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்